நாய்க்கால் ஷெட்டும் இரண்டு டிஸ்குகளும்

எங்கள் பண்ணையில் எட்டுக் கோழி ஷெட்டுகள் இருக்கின்றன. எதற்கும் நம்பர் கிடையாது. நாய்க்கால் ஷெட், சூலம் ஷெட், வளையல் ஷெட், செருப்பு ஷெட் என்று பெயர்கள். மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு புதிதாக வருகிற லாரி டிரைவர்கள் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

முன்பு நம்பர்தான் இருந்தது. எருமப்பட்டி ரோட்டுப் பக்கம் கேட். கேட்டிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் ஒன்று முதல் எட்டு. பின்பக்கம் தார் ரோடு வந்ததும் லாரி திரும்ப வசதியாக இருக்கும் என்று கேட்டை அந்தப் பக்கம் மாற்றினார்கள். அன்றிலிருந்து புது ஆட்கள் எண்ணுகிற ஒன்று வேறு, பழைய ஆட்களின் ஒன்று வேறு. யாரும் அதை யோசிக்கவில்லை. நானும்தான். தீவனச் சீட்டில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். புது டிராக்டர்காரர் அவருடைய ஒன்றுக்குக் கொண்டுபோய் இறக்கினார். வளர்கிற கோழிக்கான தீவனம் முட்டையிடுகிற கோழிக்குப் போய்விட்டது. அதில் சுண்ணாம்புக்கல் குறைவு. சில நாட்களில், முட்டை பொறுக்குகிற பெண்கள் கை வைத்ததும் ஓடு பொக்கென்று உள்ளே போனது. அட்டை அட்டையாக முட்டை வீணாய்ப் போனது.

ஆளுக்கு ஆள் பழி போட்டுக்கொண்டிருந்தபோது, தீவனம் கலக்கும் மிக்சரை ஓட்டுகிறவர் தன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஒரு வழி சொன்னார். எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் வாசலில் சிமெண்ட் பூசினால், ஈரம் காய்வதற்குள் ஏதாவது ஓர் அடையாளம் வைக்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு ஷெட் வாசலில் கரண்டியால் சூலம் வரைந்திருக்கிறது. ஒன்றில் சித்தாள் ஒருத்தி தன் வளையலை அழுத்தி எடுத்திருக்கிறாள். ஒன்றில் யாரும் வரையவில்லை. பூசின அன்றைக்கே நாய் நடந்து போய்விட்டது.

"கேட்ட எங்க வேணும்னாலும் மாத்துங்க. நாய்க்காலு எந்திரிச்சு அடுத்த ஷெட்டுக்குப் போயிருமா?" என்றார்.

அதற்குப் பிறகு என் சீட்டில் நம்பர் எழுதுவதில்லை.

நான் அங்கே தீவன மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். பண்ணைக்குள்ளேயே மில். அதன் ஓரத்தில், தூசி வராமலிருக்கக் கண்ணாடி வைத்து அடைத்த ஒரு சின்ன அறை. பிளஸ் டூ வரை படித்தவள் நான். எழுத்து அழகாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். பேச்சு எனக்கு வராது. போன் அடித்தால் உள்ளங்கை வேர்த்துவிடும். அந்தக் கண்ணாடி அறை கிடைத்ததை இன்றும் பெரிய பாக்கியமாக நினைக்கிறேன்.

மக்காச்சோளம் இத்தனை கிலோ, சோயா புண்ணாக்கு இத்தனை, தவிடு இத்தனை என்று கம்ப்யூட்டர் கணக்குப்படி மேலேயிருக்கும் தொட்டிகளிலிருந்து எடை பார்த்து இறங்கும். அந்த அளவுப் பட்டியலைத்தான் ஃபார்முலா என்கிறோம். கோழியின் வயதுக்கு ஒன்று, வெயில் காலத்துக்கு ஒன்று, சோளத்தின் ஈரத்துக்கு ஒன்று. தீவன டாக்டர் வந்து மாற்றிக்கொண்டே இருப்பார்.

கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்குகள். சேலத்திலிருந்து வருகிற கம்ப்யூட்டர்காரர்தான் அதைப் பிரித்து வைத்தார். நாற்பது வயதிருக்கும். எந்நேரமும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார்.

"சின்ன டிஸ்க்குல சிஸ்டம் இருக்கு மேடம். பொட்டி ஓடறதுக்கு வேண்டியது. பெரிய டிஸ்க்குல உங்க ஃபார்முலா, கோழி விவரம், எல்லாம். சின்னது போச்சுன்னா அரை நாள்ல திருப்பிப் போட்டுத் தந்துருவேன். பெருச மட்டும் அழிச்சுட்டீங்கன்னா, அப்பறம் அந்தக் கொல்லிமலை சாமியே எறங்கி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

என் நோட்டை வாங்கி அவர் கையாலேயே எழுதினார். எஸ்.டி.ஏ. என்றால் சிஸ்டம். எஸ்.டி.பி. என்றால் ஃபார்முலா. கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.

வாரம் ஒருமுறை ஃபார்முலாவை ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கவும் சொல்லியிருந்தார். வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் முதலாளி அறைக்குள் வந்து, "அம்மிணி, வேன்ல கேக்கறதுக்குக் கொஞ்சம் பழைய பாட்டு ஏத்தோணும், அதக் குடு" என்று வாங்கிக்கொண்டு போனார். ஐந்து மாதமாகிவிட்டது. திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதலாளியிடம் போய், பாட்டை நிறுத்திவிட்டு அதைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

இவ்வளவும் தெரிந்தால்தான் அந்தப் புதன்கிழமை புரியும்.

முந்தின நாள் சாயங்காலம், சிஸ்டத்துக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றலாமா என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. ஒரு வாரமாக வந்துகொண்டிருந்த பெட்டிதான். தினமும் 'பிறகு' என்று அழுத்துவேன். அன்று கெங்கவல்லியிலிருந்து சோளம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஈரம் அதிகம், எடை சரிபார்க்க வேண்டும், பெட்டி குறுக்கே வந்து நின்றது. எரிச்சலில் 'சரி' என்று அழுத்திவிட்டேன். அதுபாட்டுக்கு ஏற்றி முடித்துவிட்டு, மறுபடி துவக்கச் சொன்னது. காலையில் ஆகட்டும் என்று அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் சுவிட்சைப் போட்டால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று இறங்கி, பாதியில் நின்றுவிட்டன. கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல். பக்கத்தில் ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டேன். அதே இடம். மூன்றாம் முறையும் அதே இடம்.

மிக்சர்காரர் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார். தலை, மீசை, புருவம் எல்லாம் தவிட்டு நிறம்.

"ஏனுங்கம்மிணி, உங்க பொட்டி இன்னும் கண்ணு முழிக்கலீங்களா?"

"இல்லீங்க."

"ஷெட்டுத் தொட்டியில மத்தியானம் வரைக்கும்தான் தீனி கெடக்குது. வேணும்னா நான் மனசுக்குத் தெரிஞ்ச அளவுல கலக்கி வுடட்டுங்களா?"

"டாக்டர் போன வாரந்தான் எல்லாத்தையும் மாத்துனாருங்க. இது ஈரச் சோளம்."

"அப்ப உங்க பொட்டியத்தான் எழுப்போணும்" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டர்காரருக்குப் போன் செய்தேன். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். காற்று இரைந்தது. திரையில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்தேன். எனக்கு அந்த ஆங்கிலம் முழுதாகப் புரியாது. எழுத்துகளைச் சொல்ல வரும்.

"புரிஞ்சிருச்சு மேடம். சிஸ்டத்தக் காணோம்னு சொல்லுது. சின்ன டிஸ்க் போயிருச்சு போல. ஒண்ணும் பயமில்ல. டிராயர்ல நீலக் கலர் பென் டிரைவ் ஒண்ணு வெச்சுட்டு வந்தேன்ல? அதச் சொருகுங்க. நான் சொல்லச் சொல்லப் போடுங்க. அரை மணி நேரம்."

புதுப் பதிப்பு ஏற்றினதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தேன். அவர் அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டார்.

நீல பென் டிரைவில் கம்ப்யூட்டர் எழுந்தது. சிஸ்டத்தைப் புதிதாகப் பதிக்கும் படிகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் சொன்னபடி அழுத்திக்கொண்டே போனேன். ஒரு திரையில், எந்த டிஸ்கை முழுவதும் அழித்துவிட்டுப் பதிப்பது என்று கேட்டது. இரண்டு வரிகள்.

"எஸ்.டி.ஏ. இருக்குதா மேடம்? மொத வரி. அதத் தொட்டு, அழிச்சுட்டுப் போடுன்னு குடுங்க."

மவுஸ் அம்பை அதன்மேல் கொண்டுபோனேன். எஸ்.டி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அதன் கொள்ளளவு இருந்தது. ஆயிரம் ஜிபி. கீழே எஸ்.டி.பி. நூற்றிருபது.

சின்ன டிஸ்க் என்றுதானே அவர் சொல்வார். சின்னது எப்படி ஆயிரம்?

நோட்டைப் பார்த்தேன். எஸ்.டி.ஏ. என்றால் சிஸ்டம். இரண்டு கோடு போட்டு அவர் கையெழுத்தில் இருந்தது. படித்தவர், பத்து மில்லுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் எழுதியது. நான் எட்டாம் வகுப்பில் ஆங்கிலத்துக்குப் பிரம்படி வாங்கியவள்.

"குடுத்தாச்சுங்களா மேடம்?"

எனக்கு முட்டை உடைந்த அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. சீட்டில் ஒன்று என்று நான்தான் எழுதினேன். எழுத்து சரிதான். ஒன்று என்பது வேறு ஷெட்டாகிப் போயிருந்தது, அவ்வளவுதான். நேற்று இந்தப் பெட்டிக்குள்ளும் கேட்டை மாற்றிவிட்டார்களோ? மாற்றினது நான்தானே, 'சரி' என்று அழுத்தி?

இல்லை என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வது தப்பாக இருக்கலாம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வேண்டும். பெரிய வார்த்தை ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு வரவில்லை. என் வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"மேடம்?"

"சிக்னல் இல்லீங்க சார். ஒண்ணுமே கேக்கலீங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

நன்றாகக் கேட்டது. அவர் வண்டி ஹாரன் வரைக்கும் கேட்டது.

அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. எதையும் அழிக்காமல் சும்மா திறந்து பார்க்கவும் அந்த நீல பென் டிரைவில் வழியுண்டு என்று முன்பொருநாள் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. படிப்படியாகப் பின்னுக்கு வந்தேன். கம்ப்யூட்டர் சாதாரணமாகத் திறந்தது. ஓரத்தில் இரண்டு டிஸ்கின் படங்களும் இருந்தன. ஆயிரம் என்று போட்டிருந்ததைத் திறந்தேன்.

ஃபார்முலா எல்லாம் அதில்தான் இருந்தன. வருட வாரியாக, நான் பெயர் வைத்த வரிசையில். நாய்க்கால், சூலம், வளையல். போன வாரம் டாக்டர் உட்கார்ந்து மாற்றியது மேலேயே இருந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து, கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். குடிக்கவில்லை. சும்மா நின்றேன். மிக்சர்காரர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"என்னுங்கம்மிணி, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது? போயிருச்சுங்களா?"

"போகலீங்க. போயிருக்கும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார்.

திரும்பப் போன் செய்தபோது கம்ப்யூட்டர்காரரே முந்திக்கொண்டு, "நம்ம ஏரியா டவரே இப்படித்தான் மேடம்" என்றார். நான் பார்த்ததைச் சொன்னேன். எஸ்.டி.ஏ. என்பதில் ஃபார்முலா இருக்கிறது என்றேன். நேற்று புதுப் பதிப்பு ஏற்றினேன் என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

காற்று இரைச்சல் நின்றது. வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும்.

"அக்கா" என்றார். அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவர். "நீங்க அதத் தொடலீல்ல?"

"இல்லீங்க."

"நான் அழிக்கச் சொன்னேனே."

"சிக்னல் இல்லீங்களே" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு விளக்கினார். எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்பது டிஸ்கின் சொந்தப் பெயர் இல்லையாம். துவங்கும்போது சிஸ்டம் எந்த டிஸ்கை முதலில் பார்க்கிறதோ அதற்கு ஏ, அடுத்ததற்கு பி. இத்தனை நாளும் சின்னதை முதலில் பார்த்தது. புதுப் பதிப்பு பெரியதை முதலில் பார்த்துவிட்டது. நீல பென் டிரைவில் இருப்பதும் புதுப் பதிப்புதானாம். அதனால் சிஸ்டம் தன்னைத்தானே பெரிய டிஸ்கில் தேடி, காணவில்லை என்று நின்றிருக்கிறது. டிஸ்க் ஒன்றும் கெடவில்லை. "சின்ன டிஸ்க் மாட்டின அன்னிக்கு அவசரத்துல பேர வெச்சே கையால எழுதிட்டேன் அக்கா. அப்படி எழுதவே கூடாது. என் தப்புதான்."

"நம்ம கேட்டு மாதிரிதானுங்களா?" என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கதை தெரியாது. சொன்னேன். போனில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை.

"அதேதான் அக்கா. இப்ப நாய்க்காலத் தேடுவோம்."

நீல பென் டிரைவை எடுத்துவிட்டுத் துவக்கினோம். முதல் திரையிலேயே நிறுத்தி, ஒரு வரியில் ஏ என்றிருந்ததை பி என்று மாற்றச் சொன்னார். கம்ப்யூட்டர் எழுந்தது. நான் ஆசையாக மில் புரோகிராமைத் திறந்தேன். உள்ளே வெறுமையாக இருந்தது. ஒரு ஃபார்முலாகூட இல்லை. புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்டது. ஆனால் இந்த முறை நான் பயப்படவில்லை. அவை எங்கே இருக்கின்றன என்று என் கண்ணால் பார்த்திருக்கிறேனே. எதையும் அழுத்தாமல், "காலியா இருக்குதுங்க, ஃபார்முலாவையும் பழைய பேருலதான் தேடுதுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க்கா. அதையும் மாத்தணும்" என்றார். குரலில் ஒரு மரியாதை இருந்தது. எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதற்குள்ளேயே எழுதியிருக்கும் நீளமான அடையாளம் ஒன்று உண்டு. எண்ணும் எழுத்தும் கலந்து முப்பதுக்கு மேல் வரும். எந்த வரிசையில் பார்த்தாலும், வயரை எதில் மாட்டினாலும் மாறாது. அதை வரவழைக்க ஒரு கட்டளை சொன்னார். வந்ததை அப்படியே எடுத்து, எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்றிருந்த இடங்களில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டரிலேயே எடுத்து ஒட்டிவிடலாம் என்றார். நான் நோட்டிலும் எழுதிக்கொண்டேன். எட்டு, சி, இரண்டு, எஃப் என்று நான் சொல்லிச் சொல்லி எழுதுவதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து மிக்சர்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மந்திரிக்கறீங்களா, அம்மிணி? வேணும்னா எலுமிச்சம்பழம் கொண்டாரட்டுங்களா?"

எழுதும்போது வேறொன்று மனதில் ஓடியது. வாக்கப்பட்டுப் போன வீட்டில் நான் மூன்றாவது மருமகள். ஊரில் எல்லோருக்கும் அதுதான் என் அடையாளம். மூத்தவர் குடும்பத்தோடு சேலத்துக்குப் போன பிறகு, விசேஷத்துக்கு வந்த ஒரு கிழவர் என்னை இரண்டாவது மருமகள் என்று யாருக்கோ காட்டினார். ஓரகத்திக்குக் கோபம், நான்தானே இரண்டாவது என்று. அடுப்படியில் அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணுகிறவர் நின்ற இடம் மாறியிருந்தது.

கடைசியாக, கம்ப்யூட்டர் எழும்போது முதலில் பார்க்கிற துவக்கப் பட்டியலையும் புதுப்பிக்க ஒரு கட்டளை. அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரை வந்தது. காலையில் நின்ற இடத்தில் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. தாண்டிப் போய்விட்டது. புரோகிராமைத் திறந்தேன். நாய்க்கால் ஷெட் மேலே இருந்தது. ஈரச் சோளக் கணக்கும் இருந்தது.

கண்ணாடியைத் தட்டிக் கையைக் காட்டினேன். மிக்சர் சத்தம் எழுந்தபோது மணி ஒன்று ஆகவில்லை. ஷெட்டுத் தொட்டிகளில் அடித் தீவனம் இன்னும் கொஞ்சம் மீதியிருந்தது.

சாயங்காலம் முதலாளி வந்தார். மிக்சர்காரர் அதற்குள் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருந்தார்.

"ஏம்மிணி, எல்லாம் அழிஞ்சு போவப் பாத்துச்சாமே. நம்ம கிட்டத்தான் இன்னொரு காப்பி இருக்கோணுமே? அந்தப் பென் டிரைவு?"

சொல்லிக்கொண்டே என் மேசைமேல் தேடினார்.

"எங்க வெச்சிருக்கற?"

"உங்க வேன்ல பாடிட்டு இருக்குதுங்க" என்றேன்.

மிக்சர்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மூட்டை எண்ணுவதுபோல நின்றார். அவர் தோள் குலுங்கியது.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர்காரர் நேரில் வந்தார். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். என் நோட்டைக் கேட்டு வாங்கி, அவர் எழுதின இரண்டு வரியையும் அவரே அடித்தார். வேறு சில மில்களிலும் இப்படிப் பெயரை வைத்தே எழுதியிருப்பதாகவும், ஒவ்வொன்றாகப் போய் மாற்றிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அன்று போனில் ஹாரன் சத்தம் எனக்குக் கேட்டதா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வாரக் காப்பி எடுக்கிற நாள். முதலாளி வேனில் ஏறிவிட்டார், பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஐந்து மாதமாகக் கண்ணாடிக்குள்ளிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த வேன். அன்று அறையை விட்டு வெளியே வந்தேன். சோள மூட்டைகளைத் தாண்டிப் போய், வேன் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பென் டிரைவ் வேணுங்க."

"சேந்தமங்கலம் வரைக்கும் போய்ட்டு வந்து தாரேனே."

உள்ளங்கை வேர்த்திருந்தது. அதை அப்படியே நீட்டினேன்.

"இப்பவே வேணுங்க."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து அதைப் பிடுங்கி என் கையில் வைத்தார். பாட்டு பாதி அடியில் நின்றுபோயிற்று.